வடிவுக்கு வந்த அரிசி

குமாரவேலுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அதுவரைக்கும் ஒரு கடைவாசலில் நின்று ஒரு படி அரிசி வாங்கியவன் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருந்த ஆம்பிளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். பட்டில் ஒரு இழை பிசகினால் இருட்டிலேயே விரலால் தடவிக் கண்டுபிடிப்பான். ஜரிகையைப் பார்த்த மாத்திரத்தில் அசலா போலியா என்பான். அரிசி எந்தக் கடையில் வாங்குகிறோம், உப்பு எந்தச் சட்டியில் இருக்கிறது என்று கேளுங்கள், திருதிருவென்று முழிப்பான். தட்டில் சோறு விழும், சாப்பிடுவான், கையைக் கழுவிக்கொண்டு தறிக்குப் போய்விடுவான். கலியாணம் ஆன நாளிலிருந்து வடிவு அவனை அப்படியே பழக்கி வைத்திருந்தாள்.

அறுபத்தைந்தாம் வருஷம். ஊரில் அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு. ரேஷனில் கோதுமையும் சோளமும் போட்டார்கள். கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் பாதிப் பேர் மாட்டுக்கு வைத்தார்கள். இது போதாது என்று கடல் தாண்டி எந்தெந்த தேசத்திலேயோ ஆரம்பித்த காலரா, அதுவரை பேப்பரில் மட்டும் இருந்தது, ஒருநாள் ஊருக்குள்ளேயே வந்து நின்றது. எங்கள் ஜனம் அதை வாந்திபேதி என்றுதான் சொல்லும். ஓரிக்கைப் பக்கமிருந்து காய்கறி மூட்டையோடு வந்துகொண்டிருந்த வண்டிகள் நின்றுபோயின. எலுமிச்சம்பழம் போன இடம் தெரியவில்லை. ஓமம் இல்லை, கற்பூரம் இல்லை, வெங்காயத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் நோய் அண்டாது என்று எவனோ கிளப்பிவிட்டான், மறுநாள் வெங்காயமும் இல்லை. திறந்திருந்த ஒன்றிரண்டு கடைகளிலும் ஒரே ஒரு பலகையை எடுத்துவிட்டு அந்தச் சந்து வழியாகத்தான் வியாபாரம்.

இந்த லட்சணத்தில் குமாரவேல் பாவு இழுத்தான். பாவு என்றால் சேலையின் நீளவாட்டு இழை. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். கஞ்சி ஏறாத பட்டு தறியில் பொட்டுப் பொட்டென்று அறும். அது ஒரு கலியாணச் சேலை. முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது என்று அவன் அவசரம்.

"அரிசி கொஞ்சம்தாங்க இருக்குது. கோதும மாவுல காச்சித் தரட்டா?" என்று கேட்டாள் வடிவு.

"பட்டுக்குப் போயி கோதும மாவா? எழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு நிக்கும். இருக்கிறத்த போடு."

அவள் அரிசிப் பானையைக் கவிழ்த்து, அடியில் தட்டி, அத்தனையையும் உலையில் போட்டாள். சோற்றுக்கு என்ன செய்வாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் எப்படியாவது பார்த்துக்கொள்வாள். எப்போதும் பார்த்துக்கொண்டவள்தானே.

மறுநாள் விடியலில் வடிவு கொல்லைப்புறம் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்தாள். அதற்கப்புறம் நிற்கவே இல்லை, மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறுவதற்குள் கண் குழிவிழுந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் நாள்பூராத் துணி துவைத்தவளுக்கு மாதிரி சுருங்கிப்போனது. பேச வாயெடுத்தால் காற்றுத்தான் வந்தது, குரல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியநாயகி மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டாவது உள்ளே வந்தாளே, அந்தத் தெருவில் அன்றைக்கு அதுவே பெரிய விஷயம். கோதுமைக் கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். போன வேகத்தில் திரும்பி வந்தது.

குமாரவேல் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஆஸ்பத்திரி என்றால் மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடம். பெஞ்சுகளை வெளியே அடுக்கிவிட்டு, உள்ளே தரையெல்லாம் ஜனம். இரண்டு நாளாகத் தூங்காத முகத்தோடு ஒரு டாக்டரம்மா இருந்தாள்.

"இங்க கொண்டாந்து எங்க போடறது? நீங்களே பாருங்க," என்றாள். "ஏத்துறதுக்கு சலைன் பாட்டில் ஒண்ணு கூட இல்ல. மத்தியானம் செங்கல்பட்டுலேர்ந்து வேன் வரும். வந்ததும் மொத பாட்டில் உங்க வீட்டுக்காரிக்குத்தான். பேரு என்ன?"

"பிள்ளையார்பாளையம், மூணாவது தெருங்க. பேரு... வடிவு."

பெண்டாட்டி பேரை வெளியில் ஒருவரிடம் அவன் சொல்வது அதுதான் முதல் தடவை. கூச்சமாக இருந்தது. சாவு வாசலில் நிற்கிறாள், இவனுக்குக் கூச்சம்.

"வேன் வர்ற வரைக்கும் அரிசிக் கஞ்சித் தண்ணி குடுங்க. உப்பு போட்டு, ஸ்பூன் ஸ்பூனா, வாந்தி எடுத்தாலும் விடாம குடுங்க. ஒடம்பு வத்திப்போச்சுன்னா அப்புறம் வேன் வந்தும் பிரயோஜனம் இல்ல. அரிசி இருக்கில்ல வீட்ல?"

அவன் தலையாட்டிவிட்டு வந்தான். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. வீட்டு அரிசி அத்தனையும் கஞ்சியாகிப் பாவில் காய்ந்து, பாவோடு சுருண்டு கிடந்தது.

அட கர்மமே என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து பானையைக் கவிழ்த்தான். பக்கத்துப் பானை, அதற்குப் பக்கத்துப் பானை, மிளகாய் டப்பா முதற்கொண்டு திறந்து பார்த்தான். அவன் உருட்டிய சத்தத்தில் வடிவு கண்ணைத் திறந்தாள். கையைத் தூக்கித் தறிப் பக்கம் காட்டினாள். உதடு அசைந்தது.

"தறியா? தறிக்கு ஒண்ணும் இல்ல வடிவு. பாவு நல்லா காஞ்சிடிச்சி. நீ கண்ண மூடிக்கினு படு."

அவள் இல்லை என்று தலையசைத்தாள். மறுபடியும் கையை நீட்டினாள்.

"இந்த நெலமையிலயும் தறி நெனப்பு பாரு இவளுக்கு," என்றாள் பெரியநாயகி. "கலியாண ஆர்டராச்சே, கெட்டுடப்போவுதுன்னு பயப்படறா போல."

குமாரவேல் போய்த் தறிமேல் ஒரு வேட்டியை விரித்து மூடினான். அவளுக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று தான் உட்காரும் பலகையைக்கூடத் தூசி தட்டிவிட்டான். வடிவு உள்ளங்கையால் தரையை ஒரு அடி அடித்தாள். அதற்குமேல் தெம்பில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அரிசிக்காக முதலில் போனது தங்கை காந்தா வீட்டுக்கு. அடுத்த தெருதான். காந்தா கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியிலும் தானே நின்றுகொண்டாள்.

"ஒரு மணி அரிசி இல்லண்ணே. புள்ளைங்களுக்கே சோளக் கூழுதான். இருந்தா அண்ணிக்குக் குடுக்காம பூட்டியா வெப்பேன்?"

அடுத்து வடிவின் அத்தை பூவம்மாள். "எந்தலமேல சத்தியமா இல்லப்பா" என்று நிஜமாகவே தலையில் கை வைத்துக்கொண்டாள். பாவு இழுக்கும்போது ஆளுக்கு ஆள் கை கொடுத்துக்கொள்கிற கலியாணசுந்தரம் வீட்டில் அவன் மனைவி ஜன்னல் வழியாகவே கையை விரித்தாள். மூன்று பேருமே பொய் சொல்பவர்கள் இல்லை என்று நம்பித்தான் அவன் கடைத்தெருவுக்குப் போனான்.

கடைத்தெருவில் அவனை ஒருவருக்கும் தெரியவில்லை. முதல் கடைக்காரன், "எங்க வாடிக்கையா நீ? உங்க ஊட்டுக்கு வழக்கமா எந்தக் கடை?" என்றான். அவனுக்குத் தெரிந்தால்தானே. அடுத்த கடையில் உள்ளேயிருந்து பலகையை இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு கடையில் அரிசி என்று ஆரம்பிப்பதற்குள் சோடா உப்பு வேண்டுமா என்று கேட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் ராமலிங்கம் என்கிறவரின் மளிகைக் கடைப் பலகைச் சந்தில் போய் நின்றான்.

"அரிசியா?" என்றார் ராமலிங்கம். வயசான மனுஷன், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கண்ணால பாத்து ஒரு வாரம் ஆவுது."

"எங்க ஊட்ல முடியலைங்க. கஞ்சி வெச்சிக் குடுக்கணும். ஒரு ஆழாக்கு போதும்."

"எல்லார் ஊட்லயும்தான் முடியல. இல்லாதத நான் எங்கேர்ந்து குடுப்பேன்?"

அந்த நேரம் பார்த்து ஒருத்தன் பக்கத்தில் வந்து நின்றான். தோளில் துண்டில்லை, முகம் வீங்கியிருந்தது. "எங்கப்பா போயிட்டாருங்க," என்றான். ராமலிங்கம் உடனே உள்ளே போனார். வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு சின்ன முடிச்சைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்து, தன் இரண்டு கையையும் கூப்பினார். அவன் போய்விட்டான். முடிச்சின் ஓரத்திலிருந்து இரண்டு அரிசி கடைவாசலில் விழுந்து கிடந்தது. குமாரவேல் அதையே பார்த்தான்.

"அரிசி இல்லன்னீங்களே."

"அது வாய்க்கரிசிக்குன்னு எடுத்து வெச்சதுப்பா. செத்தவங்க ஊட்லேர்ந்து வந்து கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாது. எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடைக்கு அது ஒரு கட்டு. அதுக்கு வெல கெடையாது, அளவும் கெடையாது. அத்தத் தொட்டு யாவாரம் பண்ணா நான் உருப்படுவனா?"

"உசுரோட இருக்கிறவங்களுக்கு—"

"போப்பா. உன்ன மாதிரி காலையிலேர்ந்து எத்தினி பேருக்கு பதில் சொல்லுவேன்," என்று பலகையைச் சாத்தினார்.

குமாரவேல் தெருமுனை வரைக்கும் நடந்தான். நின்றான். அவன் மனசில் வந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். கட்டினவளை, மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, செத்துவிட்டாள் என்று வாயால் சொல்வதா? சொன்ன நேரம் பலித்துவிட்டால்? பலிக்காமல் போனால் மட்டும் என்ன, அரிசி இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் அது தானாகவே நடக்கப்போகிறது. காமாட்சி கோயில் கோபுரம் இருந்த திக்கைப் பார்த்து, என் வாயில் வருவது என் மனசில் இல்லை, நீ கணக்கில் எடுத்துக்கொள்ளாதே தாயே என்று கேட்டுக்கொண்டான். சாவு வீட்டு ஆள் மாதிரி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். திரும்பிப் போய்ப் பலகையைத் தட்டினான்.

ராமலிங்கம் எட்டிப் பார்த்தார். அவன் வாயைத் திறந்தான். அழுகை வந்தது. நடிப்பில்லை, காலையிலிருந்து அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது.

"போயிட்டாங்களா?" என்றார் அவர்.

தலையாட்டினான்.

"யாருப்பா ஒனக்கு?"

"பொண்டாட்டிங்க. வடிவு."

ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "வடிவா? மூணாந்தெரு வடிவா? அடப்பாவி, நீதான் அவ ஊட்டுக்காரனா?" பலகைகளை அவரே படபடவென்று எடுத்தார். "கல்யாணம் ஆயி வந்த நாள்லேர்ந்து எங்கடையிலதான வாங்குவா. ஒனக்குன்னு கிச்சிலி சம்பா, தனக்குன்னு நொய்யி. ஏம்மா, நீயும் நல்ல அரிசி துன்னா கொறஞ்சா பூடுவேன்னு கேட்டா சிரிப்பா. அய்யோ. மொதல்ல வந்தப்பவே வடிவுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா, எங்க ஊட்டு ஒலையில இருக்கிறதயாவது வடிச்சுக் குடுத்திருப்பேனேடா. எங்க ஊட்ல, எங்க ஊட்லன்னா நான் யாருன்னு கண்டேன்?"

அவர் கொடுத்த முடிச்சு மற்றவனுக்குக் கொடுத்ததைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு பிடி இருக்கும். அழுதுகொண்டே கொடுத்தார். "நீ போ. சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் நான் சொல்லி அனுப்பறேன். ஒண்டியா என்னா பண்ணுவே," என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். சொன்னால் முடிச்சைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று ஓடினான். அவன் சாப்பிட்ட சோறு ஒன்று, அவள் சாப்பிட்ட சோறு ஒன்று என்பது வழியெல்லாம் அவனோடு ஓடி வந்தது.

வெள்ளைத் துணி முடிச்சைப் பார்த்ததும் பெரியநாயகிக்குப் புரிந்துவிட்டது. "டேய், இது..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்காதக்கா. உப்பு எந்தச் சட்டியில இருக்குது, அத்த மட்டும் சொல்லு."

கஞ்சியை அவனே காய்ச்சினான். அந்த ஒரு வேலை அவனுக்குத் தெரியும். பட்டுக்குக் காய்ச்சுகிற கஞ்சி கட்டி தட்டக் கூடாது, இழையில் இறங்க வேண்டும். அதே மாதிரி குழைய விட்டு, துணியில் வடிகட்டி, நீர்க்கப் பண்ணி, உப்புப் போட்டு, வடிவின் தலையை மடியில் எடுத்து வைத்து ஒரு கரண்டி ஊற்றினான். வெளியே வந்தது. இன்னொரு கரண்டி. அதுவும் வந்தது. அதற்கப்புறம் ஊற்றியது தொண்டையில் இறங்குவதைப் பார்த்தான். அது திரும்பி வரவில்லை. பெரியநாயகி சாமிப்படம் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

அப்போதுதான் தெருமுனையில் ஒப்பாரி கேட்டது.

நாலைந்து பெண்கள், தலைமயிரை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் காந்தா. "எங்கள உட்டுட்டுப் போயிட்டியே அண்ணி, நான் எந்த மொகத்த வெச்சிக்கினு இந்த ஊட்டுக்கு வருவேன் அண்ணி" என்று வாசற்படியில் வந்து விழுந்தாள். பின்னால் பூவம்மாள், கலியாணசுந்தரத்தின் மனைவி. வடிவு கண்ணைத் திறந்தாள். தனக்கு அழுகிறவர்களைப் படுத்தபடியே ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். காந்தா தலையைத் தூக்கியவள் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டாள். அழுகை பாதியில் நின்றது. ஒருத்தி நிறுத்தியதும் மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

"அழுதது போதும்," என்றாள் பெரியநாயகி. "அவ முழிச்சிக்கினுதான் இருக்கா."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முனிசிபாலிட்டி ஆள் ஒருவன் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு எட்டிப் பார்த்தான். வாசலில் அவன் கைவண்டி நின்றது. "பாடி எங்கம்மா? சீக்கிரம் எடுக்கணும், இன்னும் ரெண்டு தெரு இருக்குது," என்றான். பெரியநாயகி அவனை எரித்துவிடுவதுபோல் பார்க்க, "எம்மேல ஏம்மா கோவிக்கிற? கடைக்காரரு சொன்னாரு, நான் ஆஸ்பத்திரியிலயும் சொல்லிட்டுத்தான் வரேன். இந்தம்மாவுக்குன்னு ஒரு பாட்டில் எடுத்து வெச்சிருந்தாங்க..."

குமாரவேல் அதற்குமேல் கேட்கவில்லை. கரண்டியைக் காந்தாவின் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடியில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது பாட்டில். கீழே ஒரு சின்னப் பெண், நிறைமாதம். அவள் அம்மா விசிறிக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டாங்கன்னு வந்து சொன்னாங்களே," என்றாள் டாக்டரம்மா. அவள் முகத்தில் கோபம் இல்லை, அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. "வந்ததே ரெண்டு பாட்டில். இன்னொண்ணு ஒரு பெரியவருக்கு ஏறுது. அடுத்த வேன் நாளைக்குத்தான். என்னங்க இது, உயிரோட இருக்கிறவங்கள யாராவது..."

குமாரவேல் அந்த ரப்பர் குழாயைப் பார்த்தான். சொட்டுச் சொட்டாக வடிவுக்கு வந்தது இறங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தான். நினைத்ததை மறைப்பானேன், கைகூட அரையடி முன்னால் போய்விட்டது. விசிறிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "எவளோ ஒரு புண்ணியவதி செத்து, எம்பொண்ணுக்கு இத்தக் குடுத்தாப்பா. அவ நல்லா இருக்கணும்," என்றாள். செத்தவள் எப்படி நன்றாக இருப்பாள் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை, பாவம். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

திரும்பி நடந்த வழி அவனுக்கு ஞாபகமில்லை. வீட்டில் வடித்து வைத்த கஞ்சி இந்நேரம் தீர்ந்திருக்கும். ராமலிங்கத்திடம் எந்த முகத்தோடு மறுபடி போவது? நானே கொன்றுவிட்டேன், வாயாலேயே கொன்றுவிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டை நெருங்கும்போது சோறு கொதிக்கிற வாசனை அடித்தது. இருக்கிறதிலேயே பெரிய பானை அடுப்பில் ஏறியிருந்தது. பூவம்மாள் அவிழ்த்த தலைமயிரை முடிந்துகொள்ளாமலேயே துழாவிக்கொண்டிருந்தாள். காந்தா அண்ணியின் தலையை மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு முறம் கிடந்தது. முறத்தில் அரிசி.

வாய்க்கரிசி போட வருகிற பெண்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆளுக்கு ஒரு பிடி அரிசி முந்தானையில் முடிந்துகொண்டு வருவது எங்கள் வழக்கம். அன்றைக்கும் முடிந்துகொண்டுதான் வந்திருந்தார்கள். பஞ்ச காலமாயிற்றே, செத்தவளுக்காவது குறைவில்லாமல் போடுவோம் என்று ஒரு பிடிக்கு மேலேயே முடிந்திருந்தார்கள். அந்த முடிச்சுகளைத்தான் அவன் இல்லாதபோது ஒவ்வொருத்தியாக அவிழ்த்து முறத்தில் கொட்டியிருக்கிறார்கள்.

அவன் முறத்தைப் பார்த்தான். பிறகு அவர்களைப் பார்த்தான். யாரும் தலை நிமிரவில்லை.

"கொஞ்சந்தாம்பா இருந்துது," என்றாள் பூவம்மாள் பானையைப் பார்த்துக்கொண்டே. "புள்ளைங்களுக்குன்னு வெச்சிருந்தேன்."

காந்தா அழுதாள். வரும்போது அழுதது வேறு, இது வேறு. சத்தமே இல்லை. பெரியநாயகி திடீரென்று எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். ஒரு படி அரிசியை மடியில் மறைத்துக்கொண்டு வந்து முறத்தில் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல் விறகைத் தள்ளிவிட்டாள். காலையிலிருந்து கூடவே உட்கார்ந்திருந்தவள் அவள். குமாரவேலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படுகிற தகுதி அன்றைக்கு அவனுக்கு எங்கே இருந்தது? கரண்டியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். பொழுது சாய்ந்தும் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. முறைபோட்டு ஊற்றினார்கள். ஊற்றியதில் பாதி வெளியே வந்தது, அப்புறம் கால்வாசி வந்தது, விடிகிற சமயம் வருவது நின்றது. வடிவின் உள்ளங்கையில் சூடு தெரிந்தது. "பொழச்சிக்கினா," என்று பெரியநாயகி சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள்.

பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போனபிறகு வடிவு கண்ணைத் திறந்தாள். குரல் கரகரவென்று, ஆனால் குரலாக வந்தது.

"இவ்ளோ அரிசி ஏதுங்க?"

"கடையில வாங்கனேன்."

அவள் கையை நீட்டி முறத்திலிருந்து கொஞ்சம் எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். "ஒரு கடை அரிசியா இது? இந்தச் செகப்பு காந்தா ஊட்டுது. இது அத்தை ஊட்டு சீரகச் சம்பா. இந்தக் கல்லு போட்டது பெரியநாயகியக்காவோடது. என்னா கத விடறீங்க?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ராமலிங்கம் கடையில் தலையாட்டியதைச் சொன்னான், பாட்டில் போன கதையைச் சொன்னான், அந்தக் குழாய்ப் பக்கம் தன் கை போனதையும் சொன்னான். தன்னைச் செத்துவிட்டதாகச் சொன்னதற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஒங்க தங்கச்சி இல்லன்னா சொன்னா?"

"சொன்னா."

"அத்தை?"

"தலமேல கை வெச்சி சத்தியமே பண்ணிச்சி."

வடிவு கையிலிருந்த அரிசியை முறத்தில் போட்டாள். "அவங்க வந்து நின்னு கேட்டிருந்தா நானும் பண்ணியிருப்பேன்," என்றாள். பிறகு, "அந்தப் பலகைய எடுங்க" என்றாள்.

"தறிக்கு ஒண்ணும் ஆவல வடிவு, நான் மூடித்தான்..."

"தறிய யார் கேட்டா? நேத்து கையக் கையக் காமிச்சேனே. நீங்க ஒக்கார்ற பலகைய எடுங்கன்றேன்."

அவன் போய் வேட்டியை விலக்கிப் பலகையைத் தூக்கினான். கீழே மண்ணைத் தோண்டி எடுத்த பள்ளம். பள்ளத்தில் பழைய துணியில் இறுக்கிக் கட்டிய மூட்டை. அவிழ்த்தான். இரண்டு படி இருக்கும், வெள்ளை வெளேரென்று கிச்சிலி சம்பா. மாசக்கணக்காக அதன்மேல் உட்கார்ந்துதான் அவன் நெய்துகொண்டிருந்தான். நேற்று தூசி தட்டியதும் அந்தப் பலகையைத்தான்.

"வெளிய வெச்சிருந்தா நீங்க பாவுக் கஞ்சிக்குப் போட்டுடுவீங்க," என்றாள் வடிவு. "அதாங்க ஒளிச்சேன். எவ்ளோ தட்டுப்பாடு வந்தாலும் ஒங்களுக்கு ஒரு வேள நல்ல சோறு இருக்கணும்னு."

அவன் பலகையைக் கையில் பிடித்தபடியே நின்றான். பள்ளத்தில் வேறு மூட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். இல்லை.

"இதுல ஒனக்குன்னு எவ்ளோ வெச்ச?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவன் கேட்டதில்லை. வடிவு முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கஞ்சி பொங்குது, போய்ப் பாருங்க" என்றாள்.